எழுந்து நின்றால் எவ்வளவு?

"பிரஷர் மாத்திரை போட்டா தலை கிறுகிறுன்னு வருது, அதான் நிறுத்திட்டேன்." இந்தப் பேச்சைப் பினாங்கில் எங்கே போனாலும் கேட்கலாம். குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டிருக்கிறேன், ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்க வந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அதற்குக் கிடைக்கும் பதிலும் இரண்டு மாதிரிதான். ஒன்று, "நானும் நிறுத்திட்டேன், வெந்தயத் தண்ணிதான் குடிக்கிறேன்." இன்னொன்று, "வயசானா அப்படித்தான் இருக்கும், நீங்க பாட்டுக்குப் போடுங்க." முதல் பதில் ஆபத்தானது. பக்கவாதத்தில் ஒருவரையாவது பறிகொடுக்காத குடும்பம் நம்மில் குறைவு. இரண்டாவது பதில் பொறுப்பானது போலத் தெரிகிறது, ஆனால் எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. ஒரு மனிதர் தன் உடம்பில் நடப்பதை உள்ளபடி சொல்கிறார். எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். அதை வயது என்று சொல்லி மூடிவிடுகிறோம்.

இது எனக்குள் உறுத்தலாகவே கிடந்தது. பெரியப்பா விழுந்த பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிய உடம்பு அவருடையது. இப்போது ஜெலுத்தோங் அடுக்குமாடியில் மகளோடு இருக்கிறார். ரத்தக் கொதிப்பு இருபது வருடமாக இருக்கிறது, இனிப்புநீர், அதாவது நீரிழிவு, அதற்கும் முன்னால் வந்தது. மாத்திரையை ஒருநாளும் தவறவிடாத மனிதர். விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போகும் வழியில் சரிந்து, கதவு நிலையில் இடித்துப் புருவம் கிழிந்தது. தையல் போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், தலைக்குள் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பு பல மாதங்களாகவே, சாமி கும்பிட்டுவிட்டு எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். "ஒண்ணுமில்லடா தம்பி, கண்ணு கொஞ்சம் இருட்டிக்கிட்டு வருது" என்பார்.

ஆனால் கிளினிக்கில் அவருடைய கணக்கு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நம்பர் எடுத்துக் காத்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினால் 134-க்கு 76, 130-க்கு 74. "நல்லா இருக்கு ஐயா, அதே மருந்து." பதிவுப் புத்தகத்தின் பக்கங்கள் முழுக்க இப்படித்தான். அந்த எண்கள் பொய்யில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவுதான் இருந்தது. அவர் விழுந்தது உட்கார்ந்திருக்கும்போது இல்லையே!

கட்டிலில் படுக்கவைத்து அளந்தார்கள்

தையல் பிரித்த பிறகு போன தவணையில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. "எப்ப விழுந்தீங்க ஐயா? எழுந்து எத்தனை அடி நடந்திருப்பீங்க? அன்னிக்கு ராத்திரி என்னென்ன மாத்திரை போட்டீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் மிஸ்ஸியை (தாதியை) கூப்பிட்டு, பெரியப்பாவைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்கவைக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் யாரும் பேசவேண்டாம் என்றார். கைப்பட்டையைச் சுற்றி அளந்தபோது 156-க்கு 84, நாடித்துடிப்பு 86. பட்டையைக் கழற்றாமலே எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு பக்கம் மிஸ்ஸி, இன்னொரு பக்கம் நான். ஒரு நிமிடத்தில் 121-க்கு 70. மூன்றாம் நிமிடத்தில் 118-க்கு 68, துடிப்பு 91. பெரியப்பா நேராகத்தான் நின்றார். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "கொஞ்சம் மங்கலா இருக்கு டாக்டரம்மா, போயிரும்" என்றார்.

அந்த அறையில் எனக்குப் பல விஷயங்கள் ஒரேயடியாக விளங்கின. நிற்கத் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை மருத்துவம் ஒரு தனிக் கோளாறாகவே எடுத்துக்கொள்கிறது. பெரியப்பாவுக்கு 38 குறைந்திருந்தது. டாக்டர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஐயா, உங்களுக்கு பிரஷர் ரெண்டு இருக்கு. படுத்தா ஒண்ணு, நின்னா ஒண்ணு. இவ்வளவு நாளா நாங்க ரெண்டுக்கும் நடுவுல ஒண்ண அளந்துக்கிட்டு இருந்தோம்." பிறகு எங்களிடம் துடிப்பைக் காட்டினார். அழுத்தம் அவ்வளவு இறங்கினால் இதயம் பதறி ஓடியிருக்கவேண்டும். இறங்கிய அளவில் பாதியாவது துடிப்பு ஏறவேண்டும் என்பது ஒரு கணக்கு. 38 இறங்கியதற்கு 19-ஆவது ஏறியிருக்கவேண்டும், பெரியப்பாவுக்கு ஏறியது வெறும் 5. "இதயத்துக்குத் தகவல் சரியா போகல" என்றார் டாக்டர்.

எந்தத் தகவல், எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பதைத்தான் அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் குறைகிறது, அது வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. அடுக்குமாடியில் கடைசி மாடி வீட்டுக்குழாயில் முதலில் தண்ணீர் நிற்பது போல, முதலில் பாதிக்கப்படுவது உச்சியிலிருக்கும் மூளைதான். இதைத் தடுக்க இரண்டு இடங்களில் காவல் இருக்கிறது: தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் ஒன்று, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவில் ஒன்று. ரத்தக்குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை அங்கேயுள்ள நரம்பு முனைகள் ஓயாமல் மூளையின் அடிப்பகுதியிலிருக்கும் முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தம் இறங்கினால் அந்தச் செய்தி மெலிகிறது. முகுளம் உடனே இரண்டு காரியம் செய்கிறது. இதயத்தை மெதுவாக ஓடச் சொல்லும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. ஓரிரு துடிப்புகளிலேயே இதயம் வேகமெடுக்கிறது. கூடவே, உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்புகள் வழியாக ரத்தக்குழாய்ச் சுவர்களில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது. அதற்குச் சில நொடிகள் பிடிக்கும், ஆனால் குழாய்கள் இறுகி, கீழே தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. எழுந்தோம், நடந்தோம், அவ்வளவுதான்.

கழுத்துத் தமனியிலுள்ள இந்த இடத்தின் வேலையை ஜெர்மனியில் ஹெரிங் என்பவர் 1920-களில் காட்டினார். பெல்ஜியத்தின் கோர்னெய் ஹேமான்ஸ் இதே இடங்கள் மூச்சைக் கட்டுப்படுத்துவதில் செய்யும் பங்கைக் கண்டறிந்து 1938-க்கான நோபல் பரிசைப் பெற்றார். விஷயம் நூறு வருடமாகத் தெரிந்ததுதான். நம் கிளினிக் நாற்காலிக்கு மட்டும் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நிற்கவைத்தும் அளக்கவேண்டும் என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனால் வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது ஒருவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து, மூன்று நிமிடம் நிற்கவைக்க எந்த மிஸ்ஸிக்கு நேரம் கிடைக்கும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டைப் பையிலிருந்த மாத்திரை

டாக்டர் அடுத்துக் கேட்டது: "வேற எங்கயாவது மருந்து வாங்குறீங்களா ஐயா?" பெரியப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையை எடுத்தார். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார், அங்கே டெராசோசின் கொடுத்திருக்கிறார்கள். 5 மில்லிகிராம், இரவில் ஒன்று. அரசாங்கக் கிளினிக் புத்தகத்தில் அந்த மாத்திரை இல்லை, தனியார் கிளினிக் அட்டையில் மற்ற மாத்திரைகள் இல்லை. இரண்டு இடத்திலும் அவரவர் வேலையை அவரவர் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்த இடம் பெரியப்பாவின் உடம்பு மட்டும்தான்.

டெராசோசினைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்குத் திக்கென்றது. பரிவு நரம்பு சுரக்கும் நார்அட்ரினலின் ரத்தக்குழாய்ச் சுவரில் வந்து ஒட்டும் இடத்துக்கு ஆல்ஃபா ஏற்பி என்று பெயர். டெராசோசின், பிரசோசின், டாக்சசோசின் எல்லாம் அந்த இடத்தை அடைத்துக்கொள்பவை. அதே ஏற்பி ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலும் சிறுநீர்ப்பை வாயிலும் இருப்பதால், அங்கே தசை தளர்ந்து சிறுநீர் சுலபமாகப் போகிறது. ஆனால் ரத்தக்குழாயும் தளர்கிறது. எழுந்து நிற்கும்போது முகுளம் இறுகச் சொல்கிறது, நரம்பு அந்தச் சொல்லைக் கொண்டுபோகிறது, கடைசியில் கேட்கவேண்டிய இடம் அடைபட்டுக் கிடக்கிறது. 1970-களில் பிரசோசின் புழக்கத்துக்கு வந்தபோதே முதல் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிலர் மயங்கி விழுந்தார்கள். அதனால்தான் இந்த வகை மருந்துகளை மிகக் குறைந்த அளவில், இரவு படுக்கப்போகும்போது தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். டெராசோசினுக்கு அந்த முதல் அளவு 1 மில்லிகிராம். இன்னொன்றும் உண்டு: சில நாள் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்கக்கூடாது, திரும்ப 1 மில்லிகிராமிலிருந்துதான் வரவேண்டும்.

பெரியப்பா விழுவதற்கு முன்பு ஒரு காதுகுத்துக்காகச் சுங்கைப் பட்டாணிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கியிருந்தார். பிரஷர் மாத்திரையும் இனிப்புநீர் மாத்திரையும் பையில் இருந்தன, இது மட்டும் வீட்டு மேசையிலேயே கிடந்தது. திரும்பி வந்த அன்று இரவு 5 மில்லிகிராமை முழுதாகப் போட்டுக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் விழுந்தார். டாக்டர் இதைக் கேள்வி கேள்வியாகக் கேட்டு வெளியே கொண்டுவந்தார். பெரியப்பா செய்ததில் தப்பே இல்லை. விட்ட மருந்தை மறுபடி ஒழுங்காகப் போடுவதுதான் நல்ல நோயாளியின் பழக்கம் என்று அவருக்கு வாழ்நாளெல்லாம் சொல்லியிருக்கிறோம்.

அவருடைய மற்ற மாத்திரைகள் வேறு ரகம். அம்லோடிபின் ரத்தக்குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துகிறது. நரம்பின் பேச்சில் அது நேரடியாகத் தலையிடுவதில்லை. அது உடம்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால், எப்போதும் ஒரே சீராக இருக்கிறது. காவல் நரம்புகள் திடுக்கிடுவதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த நிஃபெடிபினின் சீக்கிரம் வேலை செய்யும் வடிவத்தை ஒரு காலத்தில் அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் வைப்பார்கள். அழுத்தம் சடாரென்று விழும், உடனே நரம்பு பதறிப்போய் இதயத்தை விரட்டும். அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததைப் பார்த்து 1990-களின் நடுவில் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னார்கள். பெரிண்டோபிரில், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உண்டாவதைக் குறைக்கிறது. அந்த ஹார்மோன் பரிவு நரம்பைத் தூண்டிவிடும் குணமுள்ளது. அதைக் குறைத்தால் அழுத்தம் இறங்குகிறது, ஆனால் இதயம் பதறி ஓடுவதில்லை, எழுந்து நிற்கும்போது வேண்டிய அனிச்சைச் செயலும் பெரும்பாலும் கெடுவதில்லை. வறட்டு இருமல் வருகிறது என்று சிலர் சொல்வது இந்த மாத்திரையைத்தான். மூன்றாவது, நீர் மாத்திரை. அது நரம்பைத் தொடுவதே இல்லை, ஆனால் உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் குறைப்பதால், நரம்பு இறுக்கி மேலே தள்ளுவதற்கு இருக்கும் ரத்தமே குறைந்துவிடுகிறது. பினாங்கு வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருகிறவருக்கும், வயிற்றுப்போக்கில் கிடக்கிறவருக்கும், விரதமிருக்கிறவருக்கும் இது பெரிய வித்தியாசம்.

பெரியப்பா போடாத, ஆனால் நம் வீடுகளில் நிறையப் பேர் போடுகிற இன்னொரு வகை பீட்டா தடுப்பான்கள். என் அத்தை மெட்டோபிரலால் போடுகிறார். இது நார்அட்ரினலினும் அட்ரினலினும் இதயத்தில் ஒட்டும் இடத்தை அடைக்கிறது, இதயம் நிதானமாக ஓடுகிறது. ரத்தக்குழாய்களால் இறுக முடிவதால், இது ஒன்றை மட்டும் போடுகிறவர்கள் எழுந்ததும் விழுவது குறைவு. ஆனால் இனிப்புநீர் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வேர்வையை மட்டும் மறைக்காது, ஏனென்றால் வேர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்பு வேறொரு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைப் பயன்படுத்துகிறது. அத்தையிடம் நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: காரணமில்லாமல் குப்பென்று வேர்த்தால், நெஞ்சு படபடக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

நரம்பையே அறுத்த காலம்

இந்த மருந்துகள் எப்படி வந்தன என்று தேடிப் படித்தபோது, பெரியப்பாவின் மயக்கம் ஒரு பழைய கதையின் தொடர்ச்சி என்று பட்டது. 1940-களில் கடுமையான ரத்தக் கொதிப்புக்கு உருப்படியான மாத்திரையே கிடையாது. அமெரிக்காவில் ஸ்மித்விக் என்ற அறுவை மருத்துவர் முதுகெலும்பையொட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியையே வெட்டி எடுத்தார். அழுத்தம் குறைந்தது, நோயாளிகள் எழுந்து நின்றால் மயங்கினார்கள். அடுத்து, 1950-ஐ ஒட்டி ஹெக்சாமெத்தோனியம் வந்தது. அது நரம்பு முடிச்சுகளில் செய்தி தாண்டிப்போவதையே தடுத்துவிடும். கண் மங்கும், வாய் காயும், மலம் கட்டும், சிறுநீர் நிற்கும், எழுந்தால் தலை சுற்றும். இவ்வளவையும் அந்த நோயாளிகள் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் முற்றிய நிலையில் மாற்று வழி மரணம்தான். நம் பக்கத்துப் பங்கும் இதில் உண்டு. சர்ப்பகந்தா வேர் இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்கிய மூலிகை. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அது ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார், 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சேமிப்பையே அது காலி செய்துவிடும். மூளையிலும் அதே வேலையைச் செய்வதால் சிலருக்கு மனச்சோர்வு வந்தது. மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த ஒரு உதாரணத்தைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு மருந்துகள் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைவிட்டு விலகி வந்தன. 1948-இல் அல்குவிஸ்ட் என்பவர் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஜேம்ஸ் பிளாக் 1960-களில் புரோபிரனலால் என்ற பீட்டா தடுப்பானைக் கொண்டுவந்தார், 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பிறகு குழாயின் தசை, சிறுநீரகத்தின் ஹார்மோன் என்று இலக்கு மாறியது. இன்று முதல் வரிசையில் கொடுக்கப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் இந்த அனிச்சைச் செயலை அப்படியே விட்டுவைக்கின்றன. நரம்பைத் தொடுகிற பழைய வகைகள் காணாமல் போகவில்லை, வேறு வாசல் வழியாக வருகின்றன: புராஸ்டேட்டுக்கு, கர்ப்பகால ரத்தக் கொதிப்புக்குத் தரும் மெத்தில்டோபா போல. ஒருவர் பிரஷர் மாத்திரை என்று நினைக்காமலே பிரஷரைத் தொடும் மாத்திரையைப் போடுவது இப்படித்தான் நடக்கிறது.

நிறுத்துவது ஏன் தீர்வில்லை

பெரியப்பா கதையைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர், "பாத்தியா, அதான் நான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பல வருடம் உயர்ந்த அழுத்தத்திலேயே இருந்த உடம்பில் அந்தக் காவல் நரம்புகள் உயரத்தையே சரியான அளவு என்று பழகிவிடுகின்றன. 170-ஐ 140 ஆக்கினால், ஏதோ ஆபத்து என்று நினைத்து அதைத் திரும்ப ஏற்றப் பார்க்கின்றன. முதல் சில வாரங்கள் அசதியும் தள்ளாட்டமும் வருவதற்கு இது ஒரு காரணம். மெதுவாக இறக்கினால் அந்த அளவுகோல் கீழே இறங்கிவரும். மறுபக்கம், அழுத்தத்தைக் கவனிக்காமலே விட்டால் தமனிச் சுவர் தடித்து விறைத்துப்போகும். விறைத்த சுவர் விரியாது, விரியாத சுவரில் இருக்கும் நரம்பு முனைக்கு ஒன்றும் தெரியாது. பல பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அழுத்தத்தைத் தீவிரமாகக் குறைத்தவர்களிடம் இந்த எழுந்தால்-இறங்கும் கோளாறு அதிகமாகவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. எந்த மருந்து, எவ்வளவு வேகத்தில், எதனோடு சேர்த்து என்பதுதான் கேள்வி. தவிர, சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. குளோனிடின் போடுகிறவர் ஒரேயடியாக நிறுத்தினால், அமுக்கிவைத்த பரிவு நரம்பு திமிறிக்கொண்டு எழும், அழுத்தம் பழைய அளவையும் தாண்டிப் பாயும். பீட்டா தடுப்பானைச் சட்டென்று விட்டால் இதயநோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி கிளம்பலாம்.

பெரியப்பாவின் துடிப்பு ஏறாததற்குக் காரணம் மாத்திரை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் மருந்து இதயம் வேகமெடுப்பதைத் தடுக்காது. நீண்ட நாள் இனிப்புநீர் வேகஸ் நரம்பைத்தான் முதலில் அரிக்கிறது. உடம்பின் மிக நீளமான நரம்புகளில் அது ஒன்று. அப்போது படுத்திருக்கும்போதே துடிப்பு கூடுதலாக இருக்கும், எழுந்தாலும் பெரிதாக மாறாது. 86, 91 என்ற அந்த இரண்டு எண்கள் சொன்னது இதைத்தான். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 30 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில்தான் மிக அதிகம். கால் எரிச்சலுக்கும் கண் பார்வைக்கும் பரிசோதனை செய்துகொள்கிறோம். இந்த நரம்பு பழுதானால் எரியாது, வலிக்காது, விழும்போதுதான் தெரியும்.

டாக்டர் செய்த மாற்றங்கள் அதிகமில்லை. டெராசோசினை நிறுத்தி, சிறுநீர்ப் பாதையில் மட்டும் கூடுதலாக வேலை செய்யும் டாம்சுலோசினைக் கொடுத்தார். நீர் மாத்திரையைப் பாதியாக்கினார். அம்லோடிபினையும் பெரிண்டோபிரிலையும் தொடவில்லை. சிக்கல் எதுவென்றால், படுத்தால் 156 என்ற எண் அப்படியே இருக்கிறது. நிற்கும்போது இறங்கக்கூடாது என்று மருந்தைக் குறைத்தால் படுக்கும்போது இன்னும் ஏறும். படுக்கும்போது ஏறக்கூடாது என்று கூட்டினால் காலையில் விழுவார். இரவு முழுக்க ஏறிக் கிடக்கும் அழுத்தம் சிறுநீரகத்தை அதிக உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கிறது, அதனால்தான் விடியற்காலை இவ்வளவு மோசமாக இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தச் சொன்னார். பகலில் மல்லாந்து படுக்கவேண்டாம் என்றார். காலையில் எழுவதற்கு முன் இரண்டு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடிக்கச் சொன்னார். இந்த நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அது அரை மணி நேரத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும். பெரியப்பாவின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார், ஆகவே எல்லாரும் அப்படியே செய்யவேண்டாம். கடைசியாக, மதியம் வயிறு முட்டச் சோறு சாப்பிட்டவுடன் எழுந்து வெளியே கிளம்பக்கூடாது, ரத்தம் குடலுக்குப் போயிருக்கும் நேரம் அது. நாசி கந்தார் சோற்றைப் பாதியாக்கச் சொன்னபோதுதான் பெரியப்பா முகம் சுருங்கியது.

போன தவணையில் படுத்து 150, நின்று 132. கண் இருட்டுவது நின்றிருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் இப்போது இரண்டு வரியாக எழுதுகிறார்கள், வேறு மிஸ்ஸி இருந்தால் நாங்களே நினைவுபடுத்துகிறோம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அறுபதைத் தாண்டியவரோ இனிப்புநீர் உள்ளவரோ இருந்தால், அடுத்த தவணையில் "நின்னா எவ்வளவுன்னு பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். வேறு இடத்தில் வாங்கும் எல்லா மாத்திரையையும், சிறுநீருக்கு, தூக்கத்துக்கு, எதற்காக இருந்தாலும், ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு தைப்பூசத்தைப் பற்றியது. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறியே தீருவேன் என்கிறார் பெரியப்பா, வேண்டவே வேண்டாம் என்கிறார் அவர் மகள், என் அக்கா. டாக்டரிடம் கேட்டேன். ஏறுவதைப் பற்றி டாக்டருக்குப் பயமில்லை, கெண்டைக்கால் தசை இறுகி இறுகி ரத்தத்தை மேலே அனுப்பும். கூட்டத்தில் அசையாமல் நிற்பதும், ஏறி முடித்தவுடன் சட்டென்று நிற்பதும்தான் ஆபத்து என்றார். நெரிசல் நாளில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கவேண்டியிருக்கும். அதனால் தைப்பூசத்தன்று கீழே தண்ணீர்ப் பந்தலில் எங்களோடு உட்கார்ந்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு வேறொரு நாள் சாயங்காலமாகப் படியேறலாம் என்று பேசியிருக்கிறோம். பெரியப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை.